நான்காவது தோட்டாவில் நிற்கும் பிஸ்டல்: கை காரணமா, கருவி காரணமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கிளப்புக்குச் சொந்தமான .22 (0.22 அங்குலத் தோட்டா) ஸ்போர்ட் பிஸ்டலில் சுடுகிறீர்கள், மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) ட்ரிகருக்கு முன்னால் செருகும் வகை. இரண்டு மாதமாக ஐந்து தோட்டாவில் நான்காவதோ ஐந்தாவதோ சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) போகாமல் மூக்கு நசுங்கி நிற்கிறது, போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் உலோகக் கட்டை) பாதியில் மாட்டிக்கொள்கிறது. கோச் உங்கள் கை தளர்வு என்கிறார். கூடச் சுடும் ஒருவர் ராம்ப்பை (தோட்டா சேம்பருக்குள் ஏறிப் போகும் சரிவு) பாலிஷ் போடச் சொல்கிறார். இன்னொருவர் வேகமான தோட்டா வாங்கச் சொல்கிறார். மாநிலப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கிறது. "ராம்ப்பை நானே எமரித் தாளால் தேய்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இரண்டு முறை படித்துப் பார்த்ததில் நீங்கள் உண்மையில் கேட்பது, தப்பு என்னுடையதா கருவியுடையதா என்பதுதான். பதில்: பெரும்பாலும் உங்களுடையது இல்லை. ராம்ப்பைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள்.

நான் ராணுவத்தில் 17 வருடம் ஆர்மரராக (ஆயுதங்களைப் பழுது பார்ப்பவர்) இருந்தேன். அங்கே கையில் வந்ததெல்லாம் மேற்கு வங்காளத்து இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்த 9 எம்.எம். ஆட்டோ பிஸ்டல், ப்ரௌனிங் ஹை-பவர் வகை. வெளியே வந்து 11 வருடமாக ரைபிள் கிளப் ஆயுதங்களைப் பார்த்துக்கொள்கிறேன். .22-ஐ நான் ஒழுங்காகக் கற்றது இந்த 11 வருடத்தில்தான். 9 எம்.எம். தோட்டாவுக்கு அடிப்பக்கம் துருத்திய விளிம்பு கிடையாது, கேஸ் (பித்தளைக் கூடு) முன்பக்கம் லேசாக ஒடுங்கும், குண்டின் மேல் செம்பு உறை இருக்கும். அதனால் அது வழுக்கிக்கொண்டு சேம்பருக்குள் போய்விடும். .22 லாங் ரைபிள் தோட்டா 1887-இல் வந்தது, ஆட்டோ பிஸ்டலுக்காகப் பிறந்ததே அல்ல. கேஸ் 5.7 மி.மீ., அடியில் விளிம்பு 7 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். அந்த விளிம்பு ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். நாம் சுடும் மேட்ச் (போட்டி) தோட்டாவின் குண்டு வெறும் ஈயம், நகம் பட்டாலே கோடு விழும், மேலே மெழுகு வேறு. இப்படி ஒரு தோட்டாவை ஐந்து முறை தப்பாமல் ஏற்றுவது சின்ன வேலை இல்லை. கொஞ்சம் ஏதாவது சரியில்லையென்றாலும் .22 முதலில் ஃபீடிங்கில்தான், அதாவது தோட்டா ஏறுவதில்தான் காட்டும்.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்லிவிட்டால் மற்றது தானாகப் புரியும். இந்தப் பிஸ்டல்களில் போல்ட்டுக்குப் பூட்டு கிடையாது. சுட்டதும் காலி கேஸ் போல்ட்டைப் பின்னால் தள்ளுகிறது, எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி பிடித்த கேஸ், எஜெக்டர் என்ற முட்டில் மோதி வெளியே பறக்கிறது. போல்ட் பின்னால் போய்த் திரும்பும் அந்த நொடித் துணுக்குக்குள், மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை உதட்டுவரை உயர்த்திவிட வேண்டும். மேகசின் மேல்விளிம்பில் தோட்டாவைப் பிடித்து நிற்கும் இரண்டு மடிப்புகளைத்தான் உதடு என்கிறேன். திரும்பி வரும் போல்ட் அந்தத் தோட்டாவின் அடியைத் தள்ளுகிறது, மூக்கு ராம்ப்பில் ஏறுகிறது, உதடு சரியான இடத்தில் பிடியை விடுகிறது, தோட்டா சேம்பருக்குள் நுழைகிறது. ஃபீடிங் என்பது போல்ட்டுக்கும் மேகசின் ஸ்பிரிங்குக்கும் நடக்கும் ஓட்டப் பந்தயம். ஸ்பிரிங் ஜெயித்தால் தோட்டா ஏறும், போல்ட் ஜெயித்தால் ஜாம்.

எதையும் தொடும் முன் ஒன்று. ஜாம் ஆனால் பேரலின் (குழலின்) வாய் இலக்குப் பக்கமே இருக்கட்டும், விரல் ட்ரிகரிலிருந்து வெளியே இருக்கட்டும். முதலில் மேகசினைக் கழற்றுங்கள், அப்புறம் போல்ட்டைப் பின்னால் இழுங்கள். போல்ட்டை முன்னால் தட்டி மூடப் பார்க்க வேண்டாம், மாட்டிய தோட்டாவை ஸ்க்ரூடிரைவரால் நெம்பவும் வேண்டாம். .22-இல் தீப்பற்றும் மருந்து அந்த விளிம்புக்குள்தான் இருக்கிறது, விளிம்பு நசுங்கினால் வெடிக்கலாம். சேம்பருக்கு வெளியே வெடிக்கும் பித்தளைத் துண்டு கண்ணுக்கு ஆபத்து. கண்ணாடி போட்டுக்கொண்டுதானே சுடுகிறீர்கள்? இன்னொன்று, சுடும்போது வழக்கமான சத்தம் இல்லாமல் 'பொத்'தென்று கேட்டால் அதோடு நிறுத்துங்கள். குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். காலி செய்து பேரலைப் பார்க்காமல் அடுத்தது சுடக் கூடாது.

இப்போது உங்கள் பிரச்சினை. நீங்கள் எழுதியதிலேயே மிக மதிப்பான தகவல் 'நான்காவதோ ஐந்தாவதோ' என்பதுதான். நிறையப் பேர் "அடிக்கடி ஜாம் ஆகிறது" என்று மட்டும் எழுதுவார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எத்தனையாவது தோட்டா என்பதை வைத்தே பாதி நோயைச் சொல்லலாம். முதல் தோட்டா மட்டும் ஏறவில்லையென்றால், போல்ட்டைக் கையால் பிடித்து மெதுவாக விடுகிறீர்கள் என்று அர்த்தம், பின்னால் இழுத்துச் சட்டென்று விட்டுவிட வேண்டும். எந்த எண் என்றில்லாமல் அறுபது எழுபது தோட்டாவுக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது என்றால் அழுக்கு. எல்லா மேகசினிலும் எல்லா இடத்திலும் வந்தால் சேம்பர், ரீகாயில் ஸ்பிரிங் (போல்ட்டை முன்னால் திருப்பித் தள்ளுவது), எக்ஸ்ட்ராக்டர், தோட்டா என்று தேட வேண்டும். கடைசி இரண்டில் மட்டும் என்றால் மேகசின் ஸ்பிரிங், அல்லது ஃபாலோயர் (தோட்டாக்களைத் தாங்கி மேலே தள்ளும் தட்டு) மேலே வரும் வழியில் ஏதோ உரசல். காரணம் எளிது. ஐந்தும் இருக்கும்போது ஸ்பிரிங் நன்றாக அமுங்கி வலுவாகத் தள்ளுகிறது. கடைசிக்கு வர வர அது நீண்டு, தள்ளும் பலம் குறைந்துவிடுகிறது. புதிய ஸ்பிரிங்குக்கு அந்தக் குறைந்த பலமும் போதும், களைத்த ஸ்பிரிங்குக்குப் போதாது. தோட்டா முழுசாக மேலே வருவதற்குள் போல்ட் வந்து இடிக்கிறது, மூக்கு தாழ்ந்து ராம்ப்புக்குக் கீழே முட்டுகிறது. சில சமயம் போல்ட் தோட்டாவைப் பிடிக்காமலே அதன் மேல் ஓடி மூடிக்கொள்ளும், நீங்கள் ட்ரிகரை அழுத்தினால் 'டிக்' என்று மட்டும் கேட்கும். இது உங்களுக்கு நடந்ததா என்று எழுதவில்லை, யோசித்துப் பாருங்கள். நடந்திருந்தால் என் சந்தேகம் இன்னும் உறுதி.

நசுங்கிய தோட்டாவைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் சாட்சி. ரேஞ்ச் ஆபீசரிடம் சொல்லிவிட்டு, மறுபடி சுடவே கூடாத தோட்டாக்களுக்கான தனி டப்பாவில் வைத்துப் பிறகு லென்ஸில் பாருங்கள். மூக்கின் கீழ்ப்பக்கம் பள்ளம் இருந்தால் ராம்ப்புக்குக் கீழே முட்டியிருக்கிறது, அதாவது தோட்டா போதுமான அளவு உயரவில்லை. மூக்கின் மேல்பக்கம் சிராய்ப்பு இருந்தால் கதை தலைகீழ்: உதடு விரிந்துபோய் தோட்டாவைச் சீக்கிரம் விடுகிறது, அது துள்ளி சேம்பரின் மேல் ஓரத்தில் மோதுகிறது. குண்டைச் சுற்றி வளையமாக ஈயம் சீவியிருந்தால் சேம்பர் வாயில் பிசிறு. கேஸ் பக்கவாட்டில் நீளக் கோடு இருந்தால் உதட்டின் உள்விளிம்பில் பிசிறு. காலி கேஸ், அது வெளியேறும் ஜன்னலில் புகைபோக்கி மாதிரி நின்றால் அது ஃபீடிங்கே அல்ல, எஜெக்ஷன் (கேஸ் வெளியேறும் வேலை). அதைத் தனியாகப் பேச வேண்டும். இதையும் அதையும் குழப்பிக்கொண்டு நல்ல மேகசினைக் குப்பையில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, சோதனை. இரண்டு மேகசினுக்கும் மார்க்கரால் 1, 2 என்று எண் போடுங்கள். இரண்டும் ஒரே மாதிரிதானே என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தால் ஒரு வருடம் ஆனாலும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு பெட்டியில் 50 தோட்டா. முதல் பெட்டி முழுவதையும் மேகசின் 1-இல் மட்டும், பத்து நிரப்பு. அடுத்த பெட்டி முழுவதும் மேகசின் 2-இல் மட்டும். ஒரே நாள், ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண், ஒரே கை. இரண்டு பெட்டிக்கும் நடுவில் சேம்பரையும் போல்ட் முகத்தையும் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது மேகசின் முதல் மேகசினின் அழுக்கோடு ஓடும். ஜாம் ஆகும் ஒவ்வொரு முறையும் எத்தனையாவது நிரப்பு, எத்தனையாவது தோட்டா, தோட்டா எந்த நிலையில் நின்றது என்று குறியுங்கள். ஒன்றில் ஏழு தடவையும் இன்னொன்றில் பூஜ்யமும் வந்தால் வழக்கு முடிந்தது. இரண்டிலும் சமமாக, ஆனால் கடைசித் தோட்டாக்களில் மட்டும் வந்தால் இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே வயது என்று அர்த்தம், கிளப் மேகசின்களில் அதுவும் சகஜம். இரண்டிலும் எல்லா இடத்திலும் வந்தால் நான் மேலே சொன்னது தவறு, பிஸ்டலைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங் வாங்கும் முன் மேகசினைச் சுத்தம் செய்யுங்கள், காசு செலவில்லாத வைத்தியம். அடித்தட்டைக் கழற்றும் வகையென்றால் கழற்றி, ஸ்பிரிங் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, உள்ளே துணியால் துடையுங்கள். மெழுகும் எரியாத மருந்துத் தூளும் ஈயச் சீவலும் சேர்ந்து களிம்பாகப் படிந்திருக்கும். அதில் யாராவது எண்ணெய் விட்டிருந்தால் பிசினாகவே ஆகியிருக்கும். மேகசினுக்குள் எண்ணெய் வேண்டாம். கடற்கரை ஊர் என்றால் துருப் புள்ளிகளையும் பாருங்கள், அதற்கு எண்ணெய்த் துணியால் ஒரு தடவு தடவி, உலர்ந்த துணியால் முழுக்கத் துடைத்துவிட்டால் போதும். பிறகு தோட்டா இல்லாமல் ஃபாலோயரை விரலால் அடிவரை அமுக்கி மெதுவாக விடுங்கள். மேலே வரும்போது எங்காவது தயங்கினால், சாய்ந்தால், அந்த இடத்தில்தான் உங்கள் நான்காவது தோட்டா நிற்கிறது. புதிய மேகசின் ஏதாவது கிளப்பில் இருந்தால் இரண்டையும் விரலால் அமுக்கி ஒப்பிடுங்கள், கைக்கே வித்தியாசம் தெரியும்.

மேகசினை நிரப்பியே வைத்தால் ஸ்பிரிங் களைத்துவிடும் என்று பலர் சொல்கிறார்கள். இதை நான் முழுக்க நம்புவதில்லை. நல்ல ஸ்பிரிங் அமுங்கிக் கிடப்பதைவிட, ஆயிரக்கணக்கான முறை அமுங்கி விரிவதால்தான் தேய்கிறது என்பது என் அனுபவம். கிளப் மேகசின் ஒரு நாளில் எத்தனை பேர் கையில் நிரம்பிக் காலியாகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நிரப்புவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு, அதற்குக் கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் உட்கார்ந்துவிட்டால் போல்ட் மேல் தோட்டாவைத் தள்ளும்போது அது கீழ்த் தோட்டாவையும் கொக்கி போட்டு இழுக்கும், இரண்டும் சேர்ந்து நிற்கும். சாய்வான மேகசின்கள் இதைத் தாங்களே பார்த்துக்கொள்ளும், ஆனாலும் அவசரத்தில் மேகசின் பட்டனை அடிவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு தோட்டாக்களைக் கொட்டுவது போல நிரப்பினால் தாறுமாறாகிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தோட்டா அளவு மட்டும் அமுக்கி ஒவ்வொன்றாக வையுங்கள்.

இனி உங்களுக்குக் கிடைத்த மூன்று யோசனைகள். கை தளர்வு என்பது வெறும் கற்பனை அல்ல. இலேசான 9 எம்.எம். பிஸ்டலை மணிக்கட்டு தொளதொளவென்று பிடித்தால் உண்மையிலேயே ஜாம் ஆகும். ஆனால் உங்கள் கையில் இருப்பது ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஸ்போர்ட் பிஸ்டல், உள்ளே ஓடுவது சின்ன போல்ட், உதையும் குறைவு. இதில் பிடியின் பங்கு மிகக் குறைவு. அதைவிட முக்கியம், கை காரணமென்றால் அது இரண்டாவது தோட்டாவிலும் வரும், மூன்றாவதிலும் வரும். உங்கள் மணிக்கட்டு தோட்டாவை எண்ணிக்கொண்டு இருப்பதில்லை. சந்தேகம் தீர வேண்டுமென்றால் பிடி இறுக்கமான வேறொருவர் அதே மேகசினில் ஒரு பெட்டி சுடட்டும். அவருக்கும் நான்கிலும் ஐந்திலும் நின்றால் கோச்சிடம் நீங்கள் குறித்த தாளைக் காட்டுங்கள். பெண்கள் சுடும் பிஸ்டல் நின்றால் முதலில் கையைக் குறை சொல்லும் வழக்கத்தை நான் பல ரேஞ்சுகளில் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும். கையைக் குறை சொன்னதால் மூன்று மாதம் தன்னையே நம்பாமல் சுட்ட ஒரு பெண்ணின் மேகசினுக்குக் கடைசியில் ஒரு ஸ்பிரிங் மாற்றியதும் எல்லாம் சரியானது.

வேகமான தோட்டா வேண்டாம். இந்தப் பிஸ்டல்கள் வினாடிக்கு 320, 330 மீட்டர் வேகத்தில் போகும் ஸ்டாண்டர்ட் தோட்டாவுக்காகச் செய்தவை. ஹை வெலாசிட்டி போட்டால் போல்ட் இன்னும் வேகமாக ஓடும். ஏற்கெனவே பந்தயத்தில் தோற்றுக்கொண்டிருக்கும் ஸ்பிரிங் இன்னும் மோசமாகத் தோற்கும், போதாததற்கு போல்ட் பின்னால் மோதி பிஸ்டலின் உடம்பும் அடிவாங்கும். போல்ட் முழுசாகப் பின்னால் போகாத கோளாறு என்றால் அந்த யோசனைக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு, உங்களுடையது அது மாதிரி தெரியவில்லை.

ராம்ப் விஷயத்தில் நான் கண்டிப்பாகவே பேசுவேன். தொழிற்சாலையிலிருந்து வந்த மேட்ச் பிஸ்டலின் ராம்ப் இரண்டு மாதத்துக்கு முன்புவரை வேலை செய்ததென்றால், அது திடீரென்று கரடுமுரடாகாது. மாறியது வேறு ஏதோ. ஒரு கிளப்பில் யாரோ சுழலும் கருவியால் பாலிஷ் போட்ட பிஸ்டல் என்னிடம் வந்தது. கண்ணாடி மாதிரி மின்னியது, ஆனால் ராம்ப்பின் சாய்வு மாறி, சேம்பர் வாயின் கீழ் ஓரம் உருண்டுபோயிருந்தது. அந்த ஓரம்தான் கேஸின் அடிப்பக்கத்தைத் தாங்குவது. தாங்கல் இல்லாத இடத்தில் பித்தளை பிதுங்கிக் கிழியும். பேரலையே மாற்ற வேண்டியதாயிற்று. எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது. ராம்ப்பில் ஈயம் படிந்திருந்தால் சால்வென்ட் நனைத்த துணியால் துடையுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உதட்டை இடுக்கியால் நெருக்குவதும் அப்படியே. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அதைச் செய்து ஒரு நல்ல மேகசினைக் கெடுத்திருக்கிறேன், அரை மில்லிமீட்டர் கூட நெருங்கியிருக்காது, அதுவே போதுமானதாக இருந்தது.

சேம்பரை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். சேம்பர் முனையில் மெழுகும் கரியும் வளையமாகக் கெட்டிப்பட்டிருந்தால் தோட்டா கடைசி ஒரு மில்லிமீட்டரில் நிற்கும், வெண்கல பிரஷ்ஷால் சுழற்றித் தேய்த்தால் போகும். பழைய ரேபிட் ஃபயர் (வேகச் சுடல் போட்டி) பிஸ்டல்களில் நீளம் குறைந்த .22 ஷார்ட் தோட்டா சுட்ட காலம் உண்டு, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸுக்குப் பிறகுதான் லாங் ரைபிளுக்கு மாறினார்கள். லாங் ரைபிள் சேம்பரில் ஷார்ட் போட்டுச் சுட்ட பழக்கம் ஏதாவது கருவிக்கு இருந்தால் இந்த வளையம் நிச்சயம் இருக்கும். இன்னொரு வில்லன், பிளக் (போலித் தோட்டா) எதுவும் வைக்காமல் செய்யும் ட்ரை ஃபயரிங், அதாவது தோட்டா இல்லாமல் ட்ரிகரை அழுத்திப் பழகுவது. ட்ரை ஃபயரிங்குக்கென்று தனி ஏற்பாடு இல்லாத .22-இல் ஃபயரிங் பின் (தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி) காலி சேம்பரின் ஓரத்தில் குத்திக் குத்திப் பிசிறு எழுப்பிவிடும். கிளப் பிஸ்டலில் யார் என்ன செய்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அந்தப் பிசிறை வெட்டி எடுக்கக் கூடாது, அதற்கென்று உள்ள கருவியால் அமுக்கி உட்கார வைக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: மேட்ச் சேம்பர் இறுக்கமாகத்தான் இருக்கும், கடைசி நூலளவில் கட்டைவிரலால் லேசாக அழுத்தினால்தான் தோட்டா முழுசாக உட்காரும். அதைப் பார்த்துக் கோளாறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

தோட்டாவைப் பற்றி ஒன்றே ஒன்று. மே மாத வெயிலில் மூடிய காருக்குள் பெட்டியை வைக்காதீர்கள். மெழுகு இளகி, தூசியை ஒட்டிக்கொண்டு, அதுவே மேகசினுக்குள் போகும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. இங்கே ஒழுங்காக ஓடிய பிஸ்டல் தில்லி துக்ளகாபாத் ரேஞ்சில் டிசம்பர் காலையில் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். குளிரில் மெழுகு இறுகும், போல்ட்டில் விட்ட எண்ணெய் கெட்டிப்படும், போல்ட் முழுத் தூரம் போகாது. அங்கே போகும்போது போல்ட்டை நன்றாகத் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு மட்டும் விடுங்கள், தோட்டாவைச் சட்டைப்பைச் சூட்டில் வையுங்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னைக் கவலைப்பட வைத்தது. போன தேர்வுச் சுற்றில் ரேபிட் கட்டத்தில் ஜாம் ஆனதும் நீங்களே போல்ட்டை இழுத்துச் சரிசெய்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு சுடலுக்கு மூன்று வினாடிதான் இருக்கிறது என்ற பதற்றம் புரிகிறது. ஆனால் ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேச துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பு) விதிப்படி, ஆபீசர் பார்க்கும் முன் நீங்கள் மெக்கானிசத்தைத் தொட்டுவிட்டால் அது அனுமதிக்கப்படாத கோளாறு, அந்தச் சுடல் போனது போனதுதான். பிஸ்டலை இலக்குப் பக்கமே காட்டி, பிடியை விடாமல், காலியாக இருக்கும் கையை உயர்த்துங்கள். அவர் வந்து பார்த்து, தோட்டா ஏறவில்லை என்று உறுதி செய்தால் அது அனுமதிக்கப்பட்ட கோளாறு. அதற்குப் பிறகு எந்தச் சுற்றில் எப்படித் தொடர்வது என்பது போட்டிக்குப் போட்டி வேறுபடும், நடப்பு விதிப் புத்தகத்தின் 25 மீட்டர் பகுதியைக் கோச்சோடு உட்கார்ந்து படித்துவிடுங்கள். இந்தக் கையை உயர்த்தும் பழக்கத்தைப் பயிற்சியிலேயே நான்கைந்து முறை செய்து பார்க்க வேண்டும். போட்டியில் கை தானாக போல்ட்டுக்குத்தான் போகும்.

கிளப் பிஸ்டலைத் திறப்பதும் ஸ்பிரிங் மாற்றுவதும் கிளப் பொறுப்பாளரின் அனுமதியோடு நடக்கட்டும். பேரல், சேம்பர் வேலையென்றால் 1959 ஆயுதச் சட்டப்படி பழுது பார்க்க உரிமம் உள்ளவரிடம்தான் போக வேண்டும். நான் உங்கள் பிஸ்டலைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை, அதனால் மேகசின் என்று சொல்வது பலமான ஊகம்தான், தீர்ப்பு அல்ல. மூன்று வாரத்தில் உதிரி ஸ்பிரிங் வந்து சேருமா என்பதும் உறுதியில்லை, ஆகவே இன்றே ஒன்றுக்குச் சொல்லிவைத்துவிட்டு, அதற்குள் நல்ல மேகசின் எது என்று கண்டுபிடித்து அதை மட்டும் போட்டிக்கு ஒதுக்குங்கள். அந்த நூறு தோட்டாவைச் சுட்டுவிட்டு மூன்றே விஷயம் எழுதுங்கள்: எந்த மேகசின், எத்தனையாவது தோட்டா, பள்ளம் மூக்கின் மேலா கீழா. அதைப் பார்த்து அடுத்தது என்ன என்று சொல்கிறேன்.